என் மச்சானை நான் ஏன் சாக விடவில்லை

எங்கள் பட்டறைத் தெருச் சங்கம் ஆண்டு மலர் ஒன்று அச்சடித்துப் போடுகிறது. இந்தத் தெருவில் இன்றைக்கு இருப்பவர்களில் முதலில் ஸ்ப்ரே கன் பிடித்தவர் என் மச்சான் என்பதால் அவருடைய வாழ்க்கையை யாராவது எழுத வேண்டுமாம். “நீங்கதான் சொந்தம், நீங்கதான் அதே தொழில், நீங்களே எழுதிடுங்க” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் பிடித்தது பிடிக்காதது எல்லாம் சேர்த்துத்தான் எழுதுவேன். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த காலம் குறைவு. வாய்ப்பாடு முடிவதற்குள் என்னைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இன்றைக்கு இந்தத் தெருவிலேயே சூடேற்றிக் காயவைக்கும் பெயிண்ட் அறை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பட்டம் வாங்கியவர்கள் இரண்டு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். யார் தயவும் இல்லாமல் வந்தவன் நான். எழுதுகிறவன் யார் என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

மச்சான் என் வீட்டுக்காரியின் அண்ணன். அப்பா முகம் நினைவில்லாமல் வளர்ந்தவர். தெருவுக்கு வந்தபோது அவர் கையிலும் உப்புத்தாளைத்தான் கொடுத்தார்கள். வண்டியை நனைத்து நனைத்துத் தேய்த்து விரல் ரேகையெல்லாம் அழிந்துபோன பிறகு, பெரிய மேஸ்திரி வராத ஒரு நாளில் தானாகவே கன்னை எடுத்து ஒரு கதவை அடித்துவிட்டாராம். அதைப் பார்த்த முதலாளி அப்புறம் அவர் கையிலிருந்து கன்னைத் திரும்பக் கேட்கவில்லை. கலர் சேர்ப்பதில் அவருக்கு இணை கிடையாது. என் எதிரி என்றாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இப்போது கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினால் கலர் வருகிறது. அவர் வெயிலில் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, துளி கறுப்பு, துளி மஞ்சள் என்று விட்டுக் கலக்குவார். அடித்த இடம் எது, அடிக்காத இடம் எது என்று வண்டிக்காரனுக்கே தெரியாது.

தான் பெரிய அழகன் என்று அவருக்கே ஒரு நினைப்பு உண்டு. உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய பக்கக் கண்ணாடி ஒன்றைச் சுவரில் மாட்டிவைத்திருப்பார். ஒரு கோட் அடித்து அது காய்வதற்குள் ஒருமுறை போய் முகம் பார்த்துக்கொள்வார். பல் கறுத்துவிடும் என்று சிகரெட்டைத் தொட்டதில்லை. அவர் கீழே வண்டி தேய்த்துக்கொண்டிருந்த என் வேலையைப் பார்த்துவிட்டுத் தன் தங்கையை எனக்குக் கொடுத்தார். ஆளை எடைபோடத் தெரிந்தவர் என்று அந்த ஒரு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

இனி, எங்கள் பகை எப்படி வந்தது என்று சொல்கிறேன். கம்ப்ரசர் காற்றை அமுக்கும்போது காற்றில் இருக்கும் ஈரம் டாங்கியின் அடியில் தண்ணீராகச் சேரும். காலையில் வந்தவுடன் அடிக்குழாயைத் திறந்து அதை வெளியே விட வேண்டும். விடாவிட்டால் அந்தத் தண்ணீர் காற்றோடு போய்ப் பெயிண்டில் கலந்துவிடும். அடித்த அன்றைக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரி மின்னும். சில வாரம் வெயில் பட்டபிறகுதான் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். எங்கள் பட்டறையில் அந்தக் குழாயை மச்சானைத் தவிர யாரும் தொடக்கூடாது. அது அவருடைய சட்டம்.

ஒரு நாள் அவர் ஸ்டூடியோவுக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு தாமதமாக வந்தார். வந்த வேகத்தில் கன்னைப் பிடித்து ஓர் ஆலை முதலாளியின் கறுப்புக் காரை அடித்தார். குழாயைத் திறக்கவில்லை. நான் பார்த்தேன். “மச்சான், தண்ணி…” என்றேன். “எனக்குச் சொல்லித் தர்றியா?” என்றார். வாயை மூடிக்கொண்டேன். மழைக்காலம் முடிந்து வெயில் அடித்ததும் அந்தக் கார் திரும்பி வந்தது. கூரை, பானட், டிக்கி எல்லாம் அம்மை போட்ட மாதிரி. ஆலை முதலாளி கத்தினார். தெருவே கூடிவிட்டது. மச்சான் என்னைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார்.

“இவன் கை எப்பவுமே வேர்க்கும் சார். தேய்ச்சு வெச்ச இடத்துல வெறுங்கையை வெச்சிருக்கான். ஈரக்கை!”

தெரு முழுக்கச் சிரிப்பு. கை பட்ட ஈரம் என்றால் கை பட்ட இடத்தில்தானே கொப்புளம் வரும்? கூரை முழுக்கக் கை வைக்க நான் என்ன பூனையா? அதைக் கேட்க அன்று ஓர் ஆள் இல்லை. அவர் பெரிய மேஸ்திரி. நான் தேய்க்கிறவன்.

அன்றிலிருந்து என் பெயர் ஈரக்கை. எந்தப் பட்டறையிலும் என் கையில் கன் கொடுக்கவில்லை. “ஈரக்கை, வண்டியைத் தொடாதே, தரையைக் கூட்டு” என்றார்கள். நான் தனியாகக் கொட்டகை போட்டேன். லாரி அடித்தேன், பள்ளிக்கூட பெஞ்சு அடித்தேன், ஆஸ்பத்திரிக் கட்டில் அடித்தேன். அப்புறம் கார், அப்புறம் வெளிநாட்டுக் கார். ஆனாலும் புது ஆள் வழி கேட்டால் இந்தத் தெருக்காரர்கள் “ஈரக்கை பட்டறையா? கடைசியில” என்றுதான் கை காட்டினார்கள். என் பிள்ளைகளைப் பள்ளியில் “ஈரக்கை பிள்ளைங்க” என்றார்கள். அன்றே நான் முடிவு கட்டிவிட்டேன். எந்த வாய் அந்தப் பெயரை வைத்ததோ, அதே வாய், அதே தெருவில், எல்லோர் முன்னாலும், “ஈரம் என்னுது” என்று சொல்ல வேண்டும். அது நடக்கும்வரை நான் ஓயப்போவதில்லை. குடும்பத்தில் கல்யாணம் என்றால் ஒரே பந்தலில் இருப்போம், பேசமாட்டோம். கறுவிக்கொண்டே வயதானோம்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் ஒரு காலை, என் வீட்டுக்காரி போனை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“என்னங்க, அண்ணனுக்கு நெஞ்சுல தண்ணி கட்டியிருக்காம்.”

“காலையிலேயே திறந்து விட்டிருக்கணும்” என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. எனக்கு வைத்திருந்த காப்பியை எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம்தான் முழு விவரமும் வந்தது. நுரையீரலில் கேன்சர். நாலாம் கட்டம். எலும்புக்கும் போயிருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. பயம். இந்த ஆள் இப்படியே போய்விட்டால் யார் வந்து சொல்வார்கள்? தப்பு அவரோடு மண்ணுக்குள் போய்விடும், பெயர் மட்டும் என் நெற்றியில் நிற்கும். சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மச்சான் கட்டிலில் சாய்ந்திருந்தார். விலாவில் குழாய் சொருகி, கீழே ஒரு டப்பாவில் கலங்கின தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் தலை வாரியிருந்தார்.

“என்ன மாப்ளே, போறதுக்கு முன்னாடி பார்த்துட்டுப் போக வந்தியா?”

“நீங்க போகாம இருக்க வந்தேன் மச்சான்.”

“உனக்கா அவ்வளவு பாசம்?”

“பாசம் எல்லாம் இல்ல. நீங்க எனக்கு ஒரு வார்த்தை பாக்கி.”

அவருக்குப் புரிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் மகள் ஒரே பெண், பள்ளியில் டீச்சர். அவளும் நானும் டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்தோம். மகள் போனை நீட்டினாள். தெரிந்தவர் ஒருவருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசி போட்டு, படுத்தவர் எழுந்து நடக்கிறாராம். அதையே அப்பாவுக்கும் நாளைக்கே போட வேண்டும் என்றாள்.

டாக்டரம்மா தலையாட்டினார். “அது நல்ல மருந்துதாம்மா. ஆனா எல்லாருக்கும் இல்ல. நான் படிச்ச காலத்துல இந்த நோய்க்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி கீமோதான், ட்ரிப்ஸ்ல ஏத்துவோம், முடி கொட்டும், சில மாசம் ஓடும். இப்போ அப்படி இல்ல. கட்டியிலேருந்து எடுத்த சதையில எந்த மரபணு கெட்டிருக்குன்னு பார்த்துட்டுத்தான் மருந்தை முடிவு பண்றோம். சிகரெட் பிடிக்காதவங்களுக்கு இந்த நோய் வந்தா, பல பேருக்கு செல்லை வளரச் சொல்ற ஒரு சுவிட்ச் போட்டபடியே மாட்டிக்கிட்டிருக்கும். அதை அமுக்கிப் பிடிக்க மாத்திரை இருக்கு.”

“ரிசல்ட் வர்றவரைக்கும் இந்த ஊசியைப் போட்டுடலாமே டாக்டர்?”

“கூடாது. அந்த சுவிட்ச் வகைக்கு இந்த ஊசி பெரும்பாலும் எடுபடாது. இதை முதல்ல போட்டுட்டு அப்புறம் மாத்திரை கொடுத்தா நல்ல நுரையீரலும் வீங்கிடலாம். தண்ணியை எடுத்தாச்சு, மூச்சு விடறார். ரிசல்ட் வரட்டும்.”

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. ஸ்ப்ரே கன்னில் விசை மாட்டிக்கொண்டால் கையை எடுத்தாலும் பெயிண்ட் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். சுவரெல்லாம் போகும். அப்போது பெயிண்டைத் திட்டிப் பயனில்லை, விசையைப் பிடிக்க வேண்டும். “குணமாயிடுமா?” என்று மகள் கேட்டாள். “அப்படிப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரொம்ப நாள் கட்டிப் போடலாம்” என்றார் டாக்டரம்மா.

“எவ்வளவு நாள் கட்டிப் போட்டாலும் சந்தோஷம்மா” என்றேன் நான். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மச்சினன் உறவா என்று நினைத்திருப்பார்.

ரிசல்ட் வந்தது. சுவிட்ச்தான். ஊசி இல்லை, படுக்கை இல்லை, தினம் ஒரு மாத்திரை. செலவில் பெரும்பகுதி என்னுடையது என்று மச்சானுக்குத் தெரியும்படி நானே சொன்னேன். சொல்லாமல் செய்வதற்கு நான் என்ன மகானா? அவருக்குத் தொண்டையில் இறங்காத விஷயம் அதுதான். மாத்திரை இறங்கியது.

சில வாரத்திலேயே இருமல் நின்றது. முதுகுவலி போனது. இட்ட சோறு வேண்டாம் என்று தள்ளியவர் இன்னும் கொஞ்சம் போடு என்றார். தன் பழைய பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களை அதட்டத் தொடங்கினார். நான் போய் எதிரில் நின்றேன்.

“தெம்பா இருக்கீங்க மச்சான். எப்போ சொல்றீங்க?”

“எதை?”

“எதையா?”

“வெயில்ல நிக்காதே மாப்ளே, கை வேர்க்கும்” என்றார். ஆட்கள் சிரித்தார்கள். உயிர்ப்பிச்சை வாங்கிக்கொண்டு என்னையே குத்துகிறவரை என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். இருங்கள், இருங்கள், நீங்கள் இருந்தால்தானே என் நாள் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் வெளியே வருவது குறைந்தது. ஒரு நாள் அவர் மகள் போன் செய்தாள். “மாமா, அப்பா மறுபடியும் இருமறாரு. மாத்திரை சாப்பிடறதே இல்லன்னு நினைக்கிறேன். கேட்டா என்னை அடிக்க வர்றாரு. நீங்க வாங்க.”

போனேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திறந்ததும் நானே ஒரு நிமிஷம் திகைத்துவிட்டேன். அந்த அழகன் முகத்தில் மூக்கைச் சுற்றி, கன்னத்தில், நெற்றியில் எல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். நகத்தின் ஓரமெல்லாம் வெடித்திருந்தது. விரலில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாடை.

“தின்னரைப் போட்டா கையைக் கழுவினீங்க?”

“வேற எதைப் போட்டுக் கழுவுவாங்க?”

“எரியலையா?”

“எரிஞ்சுது.”

“மாத்திரை எங்க?”

அவர் கண் சுவரில் தொங்கிய பழைய ஸ்ப்ரே கன் பக்கம் போனது. அதன் பெயிண்ட் கப்பைக் கழற்றிக் கவிழ்த்தேன். மாத்திரைகள் மேஜையில் கொட்டின.

“மாப்ளே, நீயும் தொழில்காரன்தானே” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அடிச்ச இடத்துல கொப்புளம் கிளம்பினா என்ன செய்யணும்? மேல மேல அடிக்கலாமா? கையை நிறுத்தணும். சுரண்டி எடுக்கணும். தளம் ஏத்துக்கலைன்னு அர்த்தம். என் உடம்பு அந்த மருந்தை ஏத்துக்கலை. அதான் நிறுத்திட்டேன்.”

இந்தத் தவறை வேறு எந்த நோயாளியும் செய்திருக்க மாட்டான். ஒரு பெயிண்டர் மட்டும்தான் செய்வான். அவர் நோயாளியாக யோசிக்கவில்லை, மேஸ்திரியாக யோசித்திருக்கிறார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கிவைத்த ஆத்திரம் அதைவிட வேகமாக வந்தது.

“கொப்புளம் ஏன் வருதுன்னு உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியுமே மச்சான்! அன்னைக்கு அந்தக் கறுப்புக் காரைப் பார்த்ததும் தெரிஞ்சுதா இல்லையா?”

அவர் நகத்தின் வெடிப்பைச் சுரண்டினார்.

“தெரிஞ்சுதா இல்லையா?”

“தெரிஞ்சுது” என்றார். சுவரைப் பார்த்துச் சொன்னார். நான்கு சுவருக்குள், நான் ஒருவன் கேட்க. எனக்கு அது போதுமா? தெருவில் விழுந்த பெயர் அறைக்குள் எழுந்திருக்குமா?

“அதை இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க வந்து சொல்லுங்க.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“சொன்னா நீ என்னை விட்டுடுவே. எனக்குத் தெரியாதா உன்னை? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறே. அது என் வாயில இருக்கிறவரைக்கும்தான் எனக்கு வைத்தியம்.”

பாருங்கள், சாகக் கிடக்கும்போதும் அந்த மூளை எப்படி வேலை செய்கிறது! ஆள் கணக்காகப் பிடித்திருக்கிறார். சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக வண்டியில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, “ஐயா, இது மருந்து ஒத்துக்காம வந்தது இல்ல. இந்த மாத்திரைக்கு இது தெரிஞ்ச பக்கவிளைவுதான். பல பேருக்கு மருந்து வேலை செய்யறப்போதான் இப்படி வரும். களிம்பு தர்றேன், சரியாயிடும். இதுக்காக மாத்திரையை நிறுத்தலாமா?” என்றார். அப்புறம் கையைப் பார்த்தார். “தின்னரா?” என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து காலையில் பட்டறை திறக்குமுன் நான் அவர் வீட்டில் இருப்பேன். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன். “வாயைத் திறங்க.” விழுங்குவார். “நாக்கைத் தூக்குங்க.” தூக்குவார். அவருக்கு அது தினமும் செருப்படி. யாரைத் தரை கூட்ட வைத்தாரோ, அவன் முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறதே! எனக்கு அது தினமும் விருந்து. “உன் மூஞ்சியில முழிச்சா மாத்திரைகூட வேலை செய்யாது” என்பார். “அது செய்யும், நீங்க கவலைப்படாதீங்க” என்பேன். வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டாள். “ஏங்க, பழி வாங்கறதுக்கு இவ்வளவு காலையில எழுந்திருக்கணுமா?”

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. முகம் தெளிந்தது. பழையபடி கண்ணாடி பார்த்தார். நான் கேட்பதை நிறுத்தவில்லை, அவர் மறுப்பதையும் நிறுத்தவில்லை.

அப்புறம் ஒரு ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. தவறாமல் சாப்பிட்டும்தான். டாக்டரம்மா சொன்னார்: “இது எதிர்பார்த்ததுதான். ஒரு வாசலை நாம அடைச்சா, அது சும்மா இருக்காது, பக்கத்துல இன்னொரு வாசலைத் திறந்துக்கும். எந்த வாசல்னு பார்க்க மறுபடியும் ஊசி விட்டுச் சதை எடுக்கணும். பார்த்துட்டா அதுக்கும் இப்போ மருந்து இருக்கு. சில வருஷம் முந்தி இருந்தா ‘கீமோ போட்டுப் பார்ப்போம்’னு மட்டும்தான் சொல்லியிருப்பேன்.”

மச்சான் எழுந்து வெளியே வந்துவிட்டார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

“போதும் மாப்ளே. என்னால முடியல. மறுபடியும் முதுகுல ஊசி, மறுபடியும் மூஞ்சியில கொப்புளம். வேண்டாம். ஒண்ணு செய்யறேன். நீ கேட்டதைச் சொல்லிடறேன். தெருவுல நின்னு, எல்லார் முன்னாடியும். சொல்லிட்டு வீட்டுல போய்ப் படுத்துக்கறேன். நீ என்னை விட்டுடு. சரியா?”

இத்தனை வருஷம் நான் எதற்குக் காத்திருந்தேனோ அது தானாகவே வந்து என் மடியில் விழுந்தது. ஆனால் விலையும் சேர்ந்தே வந்தது. “முதல்ல சொல்லுங்க” என்றேன். வேறு எதற்கும் நான் சரி என்று சொல்லவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டம். கூட்டம் எப்போதும் என் கொட்டகையில்தான், அத்தனை பேர் உட்கார வேறு எங்கே இடம்? சாக்கடையில் கழிவுத் தின்னர் ஊற்றக்கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சான் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டை சலவை மடிப்போடு இருந்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவர் உட்காரவில்லை.

“அந்த ஆலைக்காரர் கறுப்புக் கார் சிலருக்கு ஞாபகம் இருக்கும்” என்றார். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டார். “அதுல ஈரம் என்னுது. அன்னைக்கு நான் டாங்கித் தண்ணியைத் திறந்து விடல. என் மாப்ளே கை சுத்தமான கை. பெரிய மேஸ்திரிங்கற பேரைக் காப்பாத்திக்க அவன்மேல போட்டேன். இப்போ எடுத்துக்கறேன்.”

பழைய ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றைக்குச் சிரித்த வாய்கள் அவை. ஒவ்வொருவர் முகத்தையும் நின்று நிதானமாகப் பார்த்தேன். யாரையும் விடவில்லை. எங்கள் தெருவில் வண்டிக்கு ஒடுக்கெடுக்கும் டிங்கர், சுத்தியல் என்று கூப்பிடுவோம், அவருக்குத்தான் முதலில் வாய் வந்தது.

“அப்போ இத்தனை நாளும் ஈரக்கை நீங்கதானா மேஸ்திரி?”

சிரிப்பு வெடித்தது. பக்கத்திலிருந்தவர் “ஈரக்கை வர்றாரு, வழி விடுங்கப்பா” என்றார். மச்சான் முகம் செத்துவிட்டது. மெதுவாகத் திரும்பி நடந்தார். நான் மன்னிக்கவில்லை. சிலர் என் கையைக் குலுக்கி “பெரிய மனசு பண்ணுங்க” என்றார்கள். சின்ன மனசிலேயே எனக்குச் சௌகரியமாக இருக்கிறது என்றேன்.

மறுநாள் காலையும் அவர் வீட்டுக்குப் போனேன். போர்வையை இழுத்துவிட்டேன்.

“கிளம்புங்க, சதை எடுக்கப் போகணும்.”

“என்னது? சொல்லியாச்சே! விட்டுடறேன்னியே!”

“நான் எப்போ சொன்னேன்? முதல்ல சொல்லுங்கன்னுதான் சொன்னேன்.”

“அடப்பாவி! உனக்கு இன்னும் என்னதான் வேணும்?”

“அந்தப் பேரை நான் எவ்வளவு காலம் சுமந்தேன்? நீங்க ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுட்டுப் படுத்துடுவீங்களா? நீங்க இருக்கணும். தெருவுல நடக்கணும். சுத்தியல் கூப்பிடணும், நீங்க திரும்பிப் பார்க்கணும். அவ்வளவு சுலபமா சாக விட்டுடுவேனா?”

அவர் என்னைத் திட்டியதை மலரில் போட முடியாது. என் மாமியார் தன் சொந்த அம்மா என்பதையும் மறந்து அவரையும் சேர்த்துத் திட்டினார். ஆனால் திட்டுவதற்காக எழுந்து உட்கார்ந்தார். என்னை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். வாசலில் வண்டி நின்றது. மகள் பின்கதவைத் திறந்து வைத்திருந்தாள். அந்தக் கோபத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சதை எடுத்தார்கள். திறந்துகொண்ட இன்னொரு வாசல் எது என்று தெரிந்தது. பழைய வாசலையும் புது வாசலையும் சேர்த்துப் பிடிக்கும் ஊசி ஒன்று, அதோடு கீமோவும் சேர்த்து. முதல் நாள் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம். கொஞ்சம் ஏறியதும் அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பல் கிட்டியது. நர்சு ஓடிவந்து ஊசியை நிறுத்தி, வேறு மருந்து கொடுத்து, அடங்கிய பிறகு இன்னும் மெதுவாக ஏற்றினார். நான் போர்வையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நழுவி விழுந்துவிடக்கூடாது அல்லவா?

“உங்க அண்ணனா ஐயா?” என்றார் நர்சு.

“எதிரி” என்றேன்.

“ஆமாம்மா, எழுதி வெச்சுக்கோ. நான் செத்தா இவன்தான் காரணம். நான் சாகலைன்னாலும் இவன்தான் காரணம்” என்றார் மச்சான், பல் நடுங்க.

டாக்டரம்மா வந்தபோது நான் கேட்டேன்: “இதுவும் ஒரு நாள் பிடி விட்டுடுச்சுன்னா?”

“விடலாம் ஐயா. அப்போ மருந்தையே ஒரு கொக்கியில மாட்டி, நேரா கட்டிக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கற மாதிரி புது வகை ஊசிங்க வந்துக்கிட்டிருக்கு. இவருக்குப் பொருந்துமான்னு அப்போ பார்க்கணும். வாக்குக் கொடுக்க முடியாது.”

“வந்தா முதல்ல எங்களுக்குச் சொல்லுங்க” என்றேன்.

“டாக்டர், இவன் பேச்சைக் கேட்காதீங்க!” என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

கடைசியாக எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருக்கிறது. மச்சான் மாலை நேரத்தில் தெருவில் நடக்கிறார். சுத்தியல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். மச்சான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்து முறைக்கிறார். அதன்பிறகு நேராக என் கொட்டகைக்கு வந்து, ஆட்கள் முன்னாலேயே என்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். என் அப்பனில் தொடங்கி என் பெயிண்ட் அறைவரை எதையும் விடுவதில்லை. நான் கை கட்டிக்கொண்டு கேட்கிறேன். நேற்று மூச்சு விடாமல் முழுசாகத் திட்டி முடித்தார். நடுவில் ஓர் இருமல்கூட இல்லை. அடுத்த ஊசி இந்த வாரம். வரமாட்டேன் என்றிருக்கிறார். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.